சார்ஜன்டுக்கு மேலே, அதிகாரிக்குக் கீழே

பிரித்தானிய இராணுவத்தில் 1938இல் பிறந்து, ஈராண்டில் முடங்கிப்போன பதவியொன்று உண்டு: மூன்றாந்தர வாரண்ட் அதிகாரி. போர்த்துறை அமைச்சர் ஹோர்-பெலிஷா காலத்து ஏற்பாடு அது. வழக்கமாகப் பிளாட்டூனுக்குத் தலைமை இளம் லெப்டினன்ட். பழுத்த சார்ஜன்ட் அவருக்குத் துணை மட்டுமே. புதிய பதவியோ, பிளாட்டூன் சார்ஜன்ட் மேஜர் என்ற பெயரில் அந்தச் சார்ஜன்டிடமே தலைமையை ஒப்படைத்தது.

பொறுப்பு அதிகாரியினுடையது, ஆனால் அதிகாரிகளின் உணவுக்கூடத்தில் அவருக்கு இடமில்லை. மூப்புக் கணக்கு சட்டைக்கையிலும் தெரிந்தது. கொம்பனி சார்ஜன்ட் மேஜர் அதுவரை அணிந்த வெறுங்கிரீடம் இவருக்குப் போயிற்று. இரண்டாந்தரத்தார் எல்லோரும் கிரீடத்தைச் சுற்றி இலைவளையம் அணிந்து, தாம் ஒருபடி மேல் என்று காட்டிக்கொண்டனர்.

1940இல் புதிய நியமனங்கள் நிறுத்தப்பட்டன. பதவியிலிருந்த பலர் பின்னர் முழு அதிகாரிகளாக்கப்பட்டனர். என்னைக் கேட்டால், அதை 1938இலேயே செய்திருக்கலாம்.