சென்னையும் பலாலியும்: மாறாத் தொலைவும் மாறிய பயணமும்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி வானூர்தி நிலையம் வரை வான்வழித் தொலைவு ஏறத்தாழ 355 கிலோமீட்டர். மீனம்பாக்கத்திலிருந்து மதுரை நிலையமோ ஏறத்தாழ 420 கிலோமீட்டர். சென்னைக்கு மதுரையினும் யாழ்ப்பாணமே அண்மையது என்பது பலருக்கும் வியப்பளிக்கக்கூடும்.

பாய்க்கப்பற் காலத்திற் காற்றே பயண நாள்களை வகுத்தது. ஆறுமுக நாவலர் 1849இல் அச்சுப்பொறி வாங்கச் சென்னை வந்தார். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். 1914இல் தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பற்சேவை தொடங்கிய பின்னும் யாழ்ப்பாணத்தார் நேர்வழி கண்டாரல்லர். வடக்கே சென்னையை அடையப் புகைவண்டியில் முதலில் தெற்கே மதவாச்சி வரை இறங்கி, அங்கிருந்து தலைமன்னாருக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

1947 டிசம்பர் 10இல் ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் வானூர்தி, கொழும்பு இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அந்த டகோட்டாவின் பெயர் சீதாதேவி. இலங்கையிலிருந்து வடக்கே வானேறிய ஊர்திக்கு இதனினும் பொருத்தமான பெயர் கிடைத்திராது; பெயரிட்டவர் இராமகாதை அறிந்தவர் போலும். மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்திற் பறக்கும் டகோட்டாவுக்குப் பலாலியிலிருந்து சென்னை ஒன்றேகால் மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட தொலைவு. இந்நூற்றாண்டில் அதே வழியிற் பறக்கும் வானூர்திகள் வேகத்தில் டகோட்டாவை விஞ்சினும், கால அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரத்திற்குக் குறைவாகக் காட்டுவதில்லை. பொறியியலின் வளர்ச்சி இவ்வழியில் மிச்சப்படுத்தியது மிகச் சொற்பமே.

போர் மிகுவித்ததோ அளவிறந்தது. இரண்டாம் உலகப்போரில் அமைந்த பலாலி ஓடுதளம், இனப்போர் மூண்டபின் முற்றிலும் படைத்தளமாயிற்று. சென்னையிலிருந்து வருவோர் கொழும்பில் இறங்கி, அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தரைவழி செல்ல வேண்டும். 1990இல் யாழ்ப்பாணப் புகைவண்டி நின்றது. கண்டி வீதியும் அடைபட்டது. உயிரைப் பணயம் வைத்து இரவிற் படகேறிக் கிளாலிக் கடலேரியைக் கடந்தனர் மக்கள். 1998 செப்டம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் வானூர்தி மன்னார்க் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். சென்னையிலிருந்து அச்சுப்பொறி கொணர்ந்த நகரில், தடைக்காலத்தில் அச்சுத்தாள் கிட்டாமல் பள்ளிக் கொப்பித் தாளில் நாளேடு அச்சாயிற்று. ஒன்றேகால் மணி நேரத் தொலைவிலிருந்த சென்னையிற் புதுநூல்கள் வெளிவந்தவண்ணம் இருந்தன.

கண்டி வீதி 2002இல் திறந்து, 2006இல் அடைபட்டு, 2009இல் மீண்டும் திறந்தது. புகைவண்டி 2014இல் யாழ்ப்பாணம் திரும்பியது. 2019 அக்டோபர் 17இல் பலாலி பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்பெற்று, நவம்பரிற் சென்னைச் சேவை தொடங்கியது. நான்கே மாதங்களிற் பெருந்தொற்று அதனை நிறுத்திற்று. 2022 டிசம்பர் 12இல் மீண்டும் பறந்தது. 2024 செப்டம்பரில் இரண்டாவது நிறுவனமும் இவ்வழிக்கு வந்தது.

ஓடுதளத்தைச் சூழ்ந்த ஊர்களின் மக்கள் 1990இல் வெளியேற்றப்பட்டவர்கள். போர் முடிந்தபின் நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. எனினும், வானூர்தி தாழ்ந்து இறங்குகையிற் சாளரத்தின் கீழே தெரியும் செம்மண் காணிகளிற் சில 2024 வரை உரியவரிடம் மீளவில்லை.