தூணும் தொலைநோக்கியும்: நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் கருவி நிறுவிய முறை

கோடம்பாக்கம் என்றதும் படப்பிடிப்புக் கருவியின் வில்லையே பலருக்கும் நினைவில் எழும். அவ்வூரை ஒட்டிய நுங்கம்பாக்கத்தில், திரைத்தொழில் தோன்றுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னரே, வில்லையைத் தேர்ந்து அதனை அசையாது நிறுத்தும் வேலை நடந்துவந்தது. சென்னை வானாய்வகத்தின் வரலாறு பெரும்பாலும் அதன் வானியலர் வரிசையாகவும் கண்டுபிடிப்புகளின் பட்டியலாகவும் சொல்லப்படுகிறது. கருவி எதன்மேல் நின்றது என்னும் வினாவிலிருந்து தொடங்கினால் அவ்வரலாறு வேறு வகையில் விளங்கும்.

வில்லியம் பெற்றி 1786இல் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் அமைத்த ஆய்வகம் இரும்பாலும் மரத்தாலும் ஆனது. சோழமண்டலக் கடற்கரையில் கப்பல்களுக்குச் சரியான நெட்டாங்கு தேவைப்பட்டதால் கும்பினி அதன் கருவிகளை ஏற்றுக்கொண்டது. 1792இல் மைக்கேல் டாப்பிங்கின் திட்டப்படி நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. ஏறத்தாழ 10 டன் எடையுள்ள கருங்கல் தூண் ஒன்று அதன் நடுவே நிறுத்தப்பட்டது. கருவியைத் தாங்குவதே அதன் பணி. தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட மொழிகளில் அதில் கல்வெட்டும் பொறிக்கப்பட்டது. அதனைக் கும்பினியின் பெருமைச் சின்னமாக மட்டும் படிப்பது குறையான வாசிப்பாகும்.

இத்தனை கனம் எதற்கு? விண்மீன்கள் ஒரு நொடியில் 15 விகலை நகர்வதாகத் தோன்றுகின்றன. ஒரு மீட்டர் நீளக் குழாயின் முனை கிழக்கிலோ மேற்கிலோ 0.07 மில்லிமீட்டர் விலகினாலே, நேரக் கணக்கில் ஒரு நொடிப் பிழை நேர்ந்துவிடும். மரத்தளத்தில் ஒருவர் நடந்தாலே இவ்விலகல் ஏற்படக்கூடும். வில்லையின் தரம் உருவத்தைத் தெளிவாக்கும். உருவம் வானில் எங்குள்ளது என்று சொல்லும் அதிகாரம் பீடத்துக்கே உண்டு. வேட்டைத் துப்பாக்கியின் மேல் தொலைநோக்கியைப் பொருத்துவோர் அறிந்த உண்மையும் இதுவே: பிடி தளர்ந்தால் உயர்ந்த கண்ணாடியால் பயனில்லை. இரண்டிலும் குறி வைப்பது பார்வைப் புலத்தில் பதிந்த குறுக்கிழைகளைக் கொண்டே. உருவம் விழும் தளத்திலேயே இழைகளும் அமையவேண்டும். இல்லையேல் கண் அசையும்போது குறியும் அசைவதுபோல் தோன்றும்.

1830இல் பொறுப்பேற்ற தாமஸ் கிளான்வில் டெய்லர் காலத்தில் டாலண்ட் நிறுவனத்தின் புதிய கருவிகள் வந்தன. அவற்றுள் உச்சிவட்டக் கருவி தென்வடலாக மட்டுமே சுழலும். சுவர்வட்டமோ சுவரோடு பிணைந்தது. வானில் விரும்பிய திசையை நோக்கும் உரிமையை விட்டுக்கொடுத்துத் துல்லியத்தைப் பெற்ற தேர்வு இது. கடிகாரத்தின் ஒலியைக் காதால் எண்ணியபடி, விண்மீன் ஒவ்வோர் இழையையும் கடக்கும் கணத்தைக் குறிப்பது நோக்குநரின் வேலை. இவ்வகை உழைப்பின் பயனாக 11,015 விண்மீன்கள் அடங்கிய பட்டியல் 1844இல் வெளிவந்தது. பின்னாளில் இந்திய இருப்புப்பாதைகள் பின்பற்றிய சென்னை நேரமும் இவ்வாய்வகத்தின் நெட்டாங்கைச் சார்ந்ததே.

நிலநடுவரைப் பீடத்தில் சிக்கல் வேறு வகையானது. அதன் முதன்மை அச்சு புவியின் அச்சுக்கு இணையாகச் சாயவேண்டும். இலண்டனில் அச்சாய்வு ஏறத்தாழ 51 பாகை. சென்னையில் 13 பாகை மட்டுமே. நிமிர்ந்து நிற்கவேண்டிய அச்சு இங்கே ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. எடை விழும் இடமும் மாறுகிறது. திசை சரிபார்க்க உதவும் துருவ விண்மீனோ அடிவானத்தருகே காற்றின் ஒளிவிலகலில் நடுங்கும். ஆகவே ஐரோப்பியப் பட்டறையில் ஆயத்தமாக இருந்த பீடத்தை அப்படியே இறக்குமதி செய்வது இயலாத செயல்.

இக்குறைக்கு ஈடாகத் தென்வானம் திறந்திருந்தது. வானாய்வகத்தின் முதன்மை உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்னும் அவ்விண்மீன் சென்னையில் மிக உயர்ந்து நிற்கும்போதும் அடிவானத்துக்கு மேல் 14 பாகை அளவே எழும். அது அமைந்த விண்மீன் குழுவுக்குப் பெயரிட்டவர் பிரெஞ்சு வானியலர் லக்காய். நன்னம்பிக்கை முனையில் தென்விண்மீன்களை அளக்கத் தமக்குத் துணைசெய்த கண்ணருகு இழைவலையின் நினைவாகவே அப்பெயரைச் சூட்டினார். இழைகளை நோக்கி வாழ்நாளைக் கழித்த ஓர் உதவியாளரின் பெயர், இழைவலையின் பெயர்கொண்ட வான்பகுதியோடு இணைந்தது தற்செயலே. எனினும் ஆய்வகத் தலைவர்களின் பெயர்களால் மட்டும் நிரம்பிய வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. இரகுநாதாச்சாரி 1874ஆம் ஆண்டின் வெள்ளி இடைநகர்வு குறித்துப் பொதுமக்களுக்காக நூலும் எழுதினார்.

1899இல் வானியற் பணி கோடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. 1850ஆம் ஆண்டளவில் வாங்கிய 6 அங்குலத் தொலைநோக்கி, ஞாயிற்றைப் படமெடுப்பதற்காகக் கிரப் பட்டறையில் திருத்தப்பட்டு மலையேறியது. கோடைக்கானலின் அகலாங்கு ஏறத்தாழ 10 பாகை. எனவே அச்சின் சாய்வை மேலும் மூன்று பாகை தாழ்த்த வேண்டியிருந்தது. கருங்கல் தூண் நுங்கம்பாக்கத்திலேயே நின்றது.