பிரதியெடுத்துக் கற்பதும் செட்டிநாட்டு உருவப்படங்களும்

செட்டிநாட்டு ஊர்களான காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வீடுகளில் முன்னோர் படங்கள் சுவரின் உச்சியில், சற்றே முன்சாய்ந்தபடி மாட்டப்பட்டிருக்கும். அவற்றில் புகைப்படங்கள் உண்டு. எண்ணெய் வண்ணத்தில் தீட்டியவையும் உண்டு. வருகிறவர்கள் ஆத்தங்குடித் தரையையும் பர்மாத் தேக்குத் தூண்களையும் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். நிமிர்ந்து பார்ப்பவர் குறைவு. உருவப்படம் தீட்டப் பழகும் தமிழ் மாணவருக்கு ஐரோப்பிய மேதைகளின் படங்களைக் காட்டிலும் இந்த முன்னோர் படங்களே நல்ல பாடம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பழைய படத்தைப் பார்த்துத் தீட்டிப் பழகுவது இழிவான வேலையல்ல. 1793இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லூவர் அருங்காட்சியகத்தில் தொடக்கம் முதலே ஓவியர்கள் பிரதியெடுத்தார்கள். பிரெஞ்சு ஓவியர் தெகாவும் அங்கே அப்படிப் பயின்றவர்தான். 1879இல் அமெரிக்க ஓவியர் சார்ஜென்ட் மத்ரித் சென்று ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் படங்களைப் பிரதியெடுத்தார். மத்ரித்தின் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ள மோனாலிசா பிரதி இன்னும் தெளிவான சான்று. லியொனார்டோ தம் படத்தின் அடிவரைவில் செய்த திருத்தங்கள் இந்தப் பிரதியின் அடியிலும் இருப்பது 2012இல் வெளிவந்தது. ஆசிரியர் தீட்டத் தீட்ட, பக்கத்திலேயே மாணவர் ஒருவர் அடியொற்றித் தீட்டியிருக்கிறார்.

நம் பக்கத்தில் அந்த வாய்ப்பு எளிதில் கிடைக்கவில்லை. திருவிதாங்கூர் அரண்மனையில் இளம் ரவிவர்மாவுக்கு எண்ணெய் வண்ண நுட்பத்தைக் கற்றுத்தர அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் மறுத்தார் என்றும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளைதான் மறைவாக உதவினார் என்றும் ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1868இல் அங்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்றுத்தரவில்லை. தாம் தீட்டுவதைப் பார்க்க மட்டும் விட்டார். அந்தப் பார்வையே ரவிவர்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. எல்லாரும் ரவிவர்மா அல்லவே! மற்றவர்களுக்குத் தூரிகையோடு உட்கார ஒரு மூலப்படம் வேண்டும்.

அது எந்தப் படம் என்பதில்தான் சிக்கல். ஐரோப்பியப் படங்களைப் பார்த்துப் பழகும் கை, வெளிறிய தோலுக்கான கலவையைப் பழகிக்கொள்கிறது: வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு. கருத்த முகத்தை அதே வழியில் வெளிச்சப்படுத்த வெள்ளையைக் கூட்டினால் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். மாநிறத் தோலில் நெற்றியிலும் மூக்கிலும் விழும் ஒளி சிறியது, கூர்மையானது. அதைச் சுற்றியுள்ள இடைநிறம் காவியும் பழுப்பும் கலந்தது. செட்டிநாட்டுப் படங்களில் பல, கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பார்த்துத் தீட்டப்பட்டவை. புகைப்படம் சாயலைத் தந்தது, நிறத்தைத் தரவில்லை. அதை ஓவியர் தம் கண்ணறிவிலிருந்துதான் எடுத்திருக்க வேண்டும். அவர் கண்ட விடையைத்தான் மாணவர் பிரதியில் திரும்பத் தேடுகிறார். கழுத்துரு என்னும் தாலி நகையின் பொன்னையும் தோட்டின் வைரத்தையும் முகத்தைவிட அக்கறையாகத் தீட்டிய படங்களும் உண்டு. வாடிக்கையாளர் எதற்குப் பணம் கொடுத்தார் என்பது அதிலேயே தெரிகிறது.

இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. புகைப்படத்திலிருந்து பிறந்த படங்களில் உடல் விறைத்திருக்கும், நிழல் தட்டையாயிருக்கும். பிரதியெடுப்பவர் அந்த விறைப்பையும் சேர்த்தே கற்றுக்கொள்வார். இந்த மறுப்பு சரியானதே. ஆகவே நிறத்துக்கு மட்டும் இவற்றை நாட வேண்டும். உடலின் நிலையையும் ஒளியின் போக்கையும் எதிரில் உட்காரும் மனிதரிடமே கற்க வேண்டும்.

படத்தைக் கைப்பேசியில் எடுத்துப்போய்ப் பிரதியெடுத்தாலும் பயன் பாதிதான். நிழலில் மெல்லியதாகவும் ஒளியில் தடிப்பாகவும் வண்ணம் ஏறியிருப்பது சாய்ந்த வெளிச்சத்தில், மூலப்படத்தில்தான் புலப்படும். அந்த மூலப்படங்களோ குறைந்து வருகின்றன. பிரித்த வீடுகளின் பொருள்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து எங்கெங்கோ போகின்றன. ஆண்டில் பல மாதம் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பங்காளிகள், ஒரு படத்தையாவது சுவரிலிருந்து இறக்கி, ஓவிய மாணவர்களை வளவில் உட்காரவைத்துப் பிரதியெடுக்க அனுமதிக்க வேண்டும்.