சிங்கப்பூரில் கடைத்திருட்டும் சட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சிராங்கூன் சாலையை ஒட்டிய லிட்டில் இந்தியா, சிங்கப்பூர்த் தமிழரின் வணிக வாழ்வில் நெடுங்காலமாகச் சிறப்பிடம் பெற்றுள்ளது. இங்குள்ள கடையொன்றில் பணம் செலுத்தாமல் பொருளை எடுத்துச் சென்றதாக ஒருவர்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டு, இந்தியாவில் உருவான ஒரு சட்டத்தின் வழிவந்ததாகும். அச்சட்டத்தின் வரலாற்றையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் அதனை எதிர்கொள்ளும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டத்தின் வருகை

இங்கிலாந்தில் 1699ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கடையில் 5 ஷில்லிங் மதிப்புள்ள பொருளை மறைவாகத் திருடியவருக்கும் மரண தண்டனை விதித்தது. அக்கொடுமை 1820களில் நீங்கியது. பின்னர், மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் அளித்த வரைவின் அடிப்படையில் இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டது. நீரிணைக் குடியேற்ற அரசு அதனைத் தழுவி 1871இல் இயற்றிய சட்டம், 1872 செப்டம்பர் 16 முதல் சிங்கப்பூரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 378ஆம் பிரிவே திருட்டை வரையறுக்கிறது. இந்தியா 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்திற்கு மாறிவிட்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அப்பழைய பிரிவெண்ணே நிலைத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

நோக்கமே அடிப்படை

உரியவரின் இசைவின்றி, நேர்மையற்ற நோக்குடன் பொருளை அப்புறப்படுத்துவதே திருட்டாகும். தன்னுடையது என நல்லெண்ணத்துடன் நம்பிப் பிறர் பொருளை எடுப்பவர் திருடர் ஆகார் என்பதை மூலச்சட்டமே எடுத்துக்காட்டுடன் விளக்குகிறது. கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த காலத்தில் நோக்கத்தை அறிவது எளிது. பொருளை வாடிக்கையாளரே எடுத்துக் கூடையில் இடும் பேரங்காடியில், எடுப்பது மட்டுமே குற்றமாகாது. மறைத்ததும் பணம் செலுத்தாமல் வெளியேறியதுமே நோக்கத்தைக் காட்டும் சான்றுகளாகின்றன. குற்றம் நிகழ்ந்திருப்பின், பின்னர் பணம் செலுத்துவது அதனை அழிக்காது. தண்டனையைக் குறைக்கும் காரணமாக மட்டுமே அமையலாம்.

பொருள்களைப் பாதுகாக்கும் கட்டடத்தில் நிகழும் திருட்டுக்கு 380ஆம் பிரிவு 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. கடைத்திருட்டு வழக்குகள் பல இப்பிரிவின்கீழ் தொடரப்படுகின்றன. எனினும், இது உச்சவரம்பே. பொருளின் மதிப்பு, முன்குற்றம் போன்றவற்றைப் பொறுத்துத் தண்டனை வேறுபடும்.

எதிர்கொள்ளும் முறை

நோக்கமே வழக்கின் மையமாதலால், காவல் துறையிடம் அளிக்கும் வாக்குமூலம் பெரும் முக்கியத்துவம் பெறுகிறது. தம்மைக் குற்றத்திற்கு உள்ளாக்கக்கூடியதைக் கூறவேண்டிய கட்டாயம் ஒருவருக்கு இல்லை. ஆயினும், குற்றச்சாட்டைச் சுமத்தும்போது தம் தற்காப்பைக் கூறாது விடுவது பின்னர் பாதகமாகலாம். ஆங்கிலம் நன்கறியாதவர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, வாக்குமூலம் வாசித்துக் காட்டப்பட்ட பின்னரே கையொப்பமிட வேண்டும். அயல்நாட்டுத் தொழிலாளர் வேலை அனுமதியையே இழக்க நேரிடலாம் என்பதால், குற்றத்தை ஒப்புக்கொள்ளுமுன் வழக்கறிஞரை நாடுவது இன்றியமையாதது. வழக்கறிஞர் சங்கத்தின் குற்றவியல் சட்ட உதவித் திட்டம் 1985இல் தொடங்கியது. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்குமான அரசு தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் 2022இல் அமைந்தது. இரண்டிலும் வருமானத் தகுதி பார்க்கப்படும்.

முடிவுரை

காவல் துறையின் கடும் எச்சரிக்கை குற்றத்தீர்ப்பாகாது என உயர் நீதிமன்றம் 2015இல் தெளிவுபடுத்தியது. 2011 முதல் சமூகச் சேவை, கட்டாய மனநலச் சிகிச்சை ஆகிய ஆணைகளும் தகுதியுடையோருக்குக் கிட்டுகின்றன. 3 மாதத்திற்கு மேற்படாத சிறை அல்லது 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதம் பெற்றவர், பிற நிபந்தனைகளையும் நிறைவுசெய்து 5 ஆண்டுகள் குற்றமின்றி வாழ்ந்தால், அவரது குற்றப்பதிவு காலாவதியாகக்கூடும். உயிரைப் பறித்த சட்டம் மீண்டெழ வழிவிடும் சட்டமாக மாறியுள்ளது. அவ்வழியை அறியாதவருக்கு அது பயன்படாது என்பதையும் இவ்வரலாறு உணர்த்துகிறது.