மழையை ஏவிய ராணுவம்

வரம் கேட்டு மழை பெற்ற கதைகள் ஏராளம். மழையை ஏவிவிட்ட ராணுவம் உண்டா? உண்டு.

1967 மார்ச் மாதம் அமெரிக்க ஆகாயப்படை 'ஆப்பரேஷன் பாப்பாய்' என்ற ரகசிய நடவடிக்கையைத் தொடங்கியது. தாய்லாந்தின் உடோன் தளத்திலிருந்து கிளம்பிய விமானங்கள் லாவோஸ், வியட்நாம் வானில் திரண்ட மேகங்களில் வெள்ளி அயோடைடைத் தூவின. பருவமழையை நீட்டித்து, ஹோ சி மின் பாதையைச் சேறாக்கி, வட வியட்நாமின் லோரிகளைப் புதைய வைப்பதுதான் திட்டம். 1972 ஜூலைக்குள் 2,602 முறை பறந்தார்கள்.

மழை லோரியைத் தேடிப் பார்த்தா பெய்கிறது? அதே மலைச்சரிவில் நெல் விதைத்தவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குட்டு உடைந்தது. வட வியட்நாமின் மேல் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று 1972இல் செனட்டில் சொன்ன தற்காப்பு அமைச்சர் மெல்வின் லேர்ட், தாம் சொன்னது தவறு என்று 1974இல் ஒப்புக்கொண்டார். அதுவும் கடிதத்தில்! செனட்டர் கிளைபோர்ன் பெல் விடாமல் துருவியதன் பலன் அது. வானிலையை ஆயுதமாக்கத் தடைவிதிக்கும் அனைத்துலக ஒப்பந்தம் 1977இல் ஜெனிவாவில் கையெழுத்துக்கு வந்து, 1978இல் அமலானது.

ஆனால் அது பகை நோக்கத்தை மட்டுமே தடுக்கிறது. 1991இல் பிலிப்பீன்ஸின் பினாத்துபோ எரிமலை கக்கிய கந்தகம் உலக வெப்பத்தைச் சுமார் அரை டிகிரி குறைத்தது. அதையே மனிதர் செய்து பார்ப்பதை ஆராயலாம் என்று 2006இல் எழுதினார் நோபெல் பரிசு பெற்ற பால் குருட்சன். நல்லெண்ணத்தோடு கந்தகம் தூவி, அதனால் எங்கோ பருவமழை பொய்த்தால்? அந்த உழவன் யாரிடம் போய் முறையிடுவான்?