லோக்கல் 10, லோக்கல் 208: சிகாகோவின் இலவச ஜாஸ் மேடைகள்

ஆண்டுதோறும் கோடை முடியும் தறுவாயில், அமெரிக்கத் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி, சிகாகோ நகரின் ஏரிக்கரைப் பூங்காவில் ஜாஸ் விழா நடைபெறுகிறது. 1979இல் தொடங்கிய விழா இது. நுழைவுக் கட்டணம் கிடையாது. புல்வெளியில் விரிப்பைப் போட்டுக்கொண்டு, வீட்டிலிருந்து எடுத்துவந்த உணவைப் பிரித்து வைத்துக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு மக்கள் கேட்கிறார்கள். வெளியூர்களிலிருந்து பெரும் பெயர்கள் வருவதுண்டு. ஆயினும் விழாவின் முதுகெலும்பு அந்த ஊரிலேயே வாழ்ந்து, அந்த ஊர் மதுக்கூடங்களிலும் தேவாலயங்களிலும் பள்ளிகளிலும் வாசித்துப் பிழைக்கும் இசைக்கலைஞர்கள்தாம்.

இவர்கள் சும்மா வாசிப்பதில்லை, கேட்பவருக்குத்தான் இலவசம் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. அப்படியானால் யார் கொடுக்கிறார்கள், எதற்காகக் கொடுக்கிறார்கள்? இதற்குப் பதில் தேடப் போனால் ஒரு தொழிற்சங்கம், ஒரு நீண்ட வேலைநிறுத்தம், ஒரு சட்டம், ஒரு நிறக்கோடு என்று கதை எங்கெங்கோ இட்டுச் செல்கிறது.

தமிழில் நாம் 'லோக்கல்' என்ற சொல்லைச் சற்று இளக்காரமாகவே கையாள்கிறோம். அமெரிக்க இசைக்கலைஞர்களின் வழக்கில் அது தொழிற்சங்கக் கிளையைக் குறிக்கும் சொல். ஒவ்வோர் ஊர்க் கிளைக்கும் ஓர் எண் உண்டு. சிகாகோவுக்கு இரண்டு எண்கள் இருந்தன. லோக்கல் 10 வெள்ளையர்களுடையது. 1902இல் தொடங்கப்பட்ட லோக்கல் 208 கறுப்பர்களுடையது. ஒரே ஊர், ஒரே தொழில், இரண்டு சங்கங்கள்.

1920களில் சிகாகோவின் சவுத் சைடு பகுதி ஜாஸின் தலைநகரமாக இருந்தது என்று சொன்னால் மிகையாகாது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து 1922இல் லூயி ஆம்ஸ்ட்ராங் வந்து சேர்ந்தது இங்கேதான். அவர் பெயரை உலகறியச் செய்த ஹாட் ஃபைவ் இசைத்தட்டுகள் 1925 நவம்பரில் பதிவாகத் தொடங்கியதும் இங்கேதான். ஆனால் இசைத்தட்டு அன்று சோறு போடவில்லை. அந்த ஆண்டுக் கடைசியிலிருந்து ஆம்ஸ்ட்ராங் வெண்டோம் என்ற திரையரங்கில், எர்ஸ்கின் டேட்டின் வாத்தியக் குழுவில், மௌனப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்தார். அக்காலத்தில் இசைக்கலைஞருக்கு நிலையான வேலை என்பது பெரும்பாலும் திரையரங்க வேலைதான்.

1927 அக்டோபரில் பேசும் படம் வந்தது. 'தி ஜாஸ் சிங்கர்' என்று அதற்குப் பெயரிட்டது விதியின் குறும்பு போலும். ஓரிரு ஆண்டுகளுக்குள் நாடெங்கும் திரையரங்க வாத்தியக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தார்கள். அதன் பின்னாலேயே பெரும் பொருளாதார மந்தமும் வந்தது. 1930இல் இசைக்கலைஞர் சங்கம் பத்திரிகைகளில் விளம்பரங்கள் வெளியிட்டு, டப்பாவில் அடைத்த இசையைப் புறக்கணியுங்கள் என்று பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. விளம்பரப் படங்களில் ஓர் இயந்திர மனிதன் வாத்தியம் வாசித்துக்கொண்டிருப்பான். பொதுமக்கள் அதைப் பார்த்துவிட்டுப் படத்துக்குப் போனார்கள்.

இந்த இடத்தில்தான் ஜேம்ஸ் சீசர் பெட்ரில்லோ வருகிறார். நடுப்பெயர் சீசர் என்பது பெற்றோர் வைத்ததே ஆயினும் பத்திரிகைக்காரர்களுக்கு அது பெரும் வசதியாக அமைந்தது. சிறுவயதில் டிரம்பெட் வாசித்தவர், சொல்லிக்கொள்ளும்படியான வாசிப்பு இல்லை. பேரம் பேசுவதில் மட்டும் வித்வான். 1922 முதல் லோக்கல் 10இன் தலைவர். நகரின் பூங்கா நிர்வாகக் குழுவிலும் அவருக்கு இடம் கிடைத்தது. வேலையற்ற கலைஞர்கள் ஒருபுறம், கோடை இரவுகளில் செலவழிக்கக் காசற்ற மக்கள் மறுபுறம். இரண்டையும் அவர் ஒரு புல்வெளியில் கொண்டுவந்து சேர்த்தார். 1935 ஜூலை முதல் நாள் கிராண்ட் பார்க்கின் சிப்பி வடிவ மேடையில் இலவசக் கச்சேரிகள் தொடங்கின.

அவை பெரும்பாலும் சிம்ஃபொனி இசையும் பாண்டு வாத்தியமுமே. ஜாஸ் அல்ல. சவுத் சைடு கலைஞர்களுக்கு அந்த மேடையில் இடம் அரிதாகவே இருந்தது. ஆனாலும் ஒரு வழக்கம் அங்கே நிலைபெற்றது. பூங்காவில் கேட்பது இலவசம், வாசிப்பதற்குக் கூலி உண்டு, கூலி சங்கம் நிர்ணயித்த விகிதத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த ஏற்பாடு பின்னால் நாடு முழுவதற்கும் போயிற்று. போன விதம்தான் விசித்திரமானது.

1940இல் பெட்ரில்லோ தேசியச் சங்கத்தின் தலைவரானார். 1942 ஆகஸ்ட் முதல் தேதியன்று, சங்க உறுப்பினர் எவரும் இனி இசைத்தட்டுக்கு வாசிக்கக் கூடாது என்று தடை விதித்தார். அவருடைய வாதம் எளிமையானது. ஒருமுறை வாசித்த இசையை வானொலியும் உணவகத்து இசைப்பெட்டியும் ஆயிரம் முறை ஒலிக்கச் செய்கின்றன. ஒவ்வொரு முறையும் எங்கோ ஓர் ஊரில் ஒரு கலைஞனின் வேலை போகிறது. தன் கழுத்தை அறுக்கும் கத்தியைத் தானே தீட்டிக் கொடுக்கும் தொழிலாளி வேறெங்கும் இல்லை. ஆகவே விற்கும் ஒவ்வோர் இசைத்தட்டுக்கும் நிறுவனங்கள் ஒரு தொகை தர வேண்டும்; அந்தத் தொகை வேலையற்ற கலைஞர்களுக்குப் பயன்பட வேண்டும்.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பத்திரிகைகள் அவரைச் சர்வாதிகாரி என்றன. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டே 1944இல் தடையை விலக்கக் கோரினார், பெட்ரில்லோ இணங்கவில்லை. டெக்கா நிறுவனம் 1943இல் பணிந்தது. விலைக்கேற்ப இசைத்தட்டு ஒன்றுக்குக் கால் சென்ட் முதல் 5 சென்ட் வரை தர ஒப்புக்கொண்டது. ஆர்சிஏ விக்டரும் கொலம்பியாவும் 1944 நவம்பர் வரை தாக்குப்பிடித்துவிட்டு வழிக்கு வந்தன.

ஜாஸ் வரலாற்றாசிரியர்கள் இந்தத் தடையைப் பற்றி எழுதும்போது புலம்புவதே வழக்கம். புலம்பலுக்கு நியாயம் உண்டு. சரியாக அந்த ஈராண்டுகளில்தான் பீபாப் என்ற புதிய நடை உருக்கொண்டது. 1943இல் ஏர்ல் ஹைன்ஸின் குழுவில் சார்லி பார்க்கரும் டிஸி கில்லெஸ்பியும் சாரா வாஹனும் ஒருங்கே இருந்தார்கள். அக்குழு வாசித்தது ஒன்றும் இசைத்தட்டில் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் சிகாகோவின் ஒரு ஹோட்டல் அறையில் நண்பர் ஒருவர் தம் சொந்தக் கருவியில் பதிந்துவைத்த சில துண்டுகளே, பார்க்கரும் கில்லெஸ்பியும் அப்போது எப்படிச் சேர்ந்து வாசித்தார்கள் என்பதற்கு மிஞ்சிய சாட்சி. நமக்கு நேர்ந்த இழப்பு பெரிதுதான். ஆனால் அந்த இழப்பைக் கணக்கிடுபவர்கள், தடையால் விளைந்த வரவைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை என்பது என் குறை.

வரவு இதுதான். இசைத்தட்டுப் பணத்தில் ஊர் ஊராக இலவசக் கச்சேரிகள் நடத்தலாயிற்று. 1947இல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம், இவ்வாறு நிறுவனங்கள் தரும் பணத்தைச் சங்கமே நேரடியாகக் கையாள்வதைத் தடுத்தது. 1948இல் மறுபடியும் ஓராண்டுத் தடை. அந்த டிசம்பரில் ஏற்பட்ட சமரசத்தின்படி மியூசிக் பெர்ஃபார்மன்ஸ் டிரஸ்ட் ஃபண்ட் என்ற அறக்கட்டளை அமைந்தது. சங்கத்துக்கும் நிறுவனங்களுக்கும் கட்டுப்படாத ஓர் அறங்காவலர் அதை நிர்வகிப்பார். சாமுவேல் ரோசன்பாம் முதல் அறங்காவலர். பூங்காவிலோ பள்ளியிலோ மருத்துவமனையிலோ நடக்கலாம். நுழைவுக் கட்டணம் மட்டும் இருக்கலாகாது. வாசிப்பவருக்கு அந்த ஊர்க் கிளையின் கூலி விகிதம். அமெரிக்கச் சிற்றூர்களின் கோடைகாலப் பூங்காக் கச்சேரிகளில் எத்தனையோ இந்தப் பணத்தில் நடந்தவை. உயிருள்ள கலைஞனை வீட்டுக்கு அனுப்பிய இசைத்தட்டே அவனுக்குக் கூலியும் கொடுத்தது.

இதில் வலித்தவர்களும் இருந்தார்கள். ஹாலிவுட்டில் நாள் முழுதும் ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவர்கள், எங்கள் உழைப்பில் வந்த தொகையை எங்கோ ஓர் ஊர்ப் பூங்காவில் வாசிப்பவனுக்கு ஏன் தர வேண்டும் என்று கேட்டார்கள். 1950களின் நடுவில் செஸில் ரீட் என்ற டிரம்பெட் கலைஞரின் தலைமையில் கலகம் செய்தார்கள், வழக்குத் தொடுத்தார்கள், 1958இல் தனிச் சங்கமே கண்டார்கள். அதே ஆண்டில் பெட்ரில்லோ தேசியத் தலைமையை விட்டு இறங்கினார். கலகக்காரர்களின் கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தன் ஊதிய உயர்வு தன் சம்மதமின்றிப் பொது நிதிக்குப் போவதை எந்தத் தொழிலாளிதான் பொறுப்பான்? எனினும் இசை என்பது இரண்டு மூன்று நகரங்களின் ஒலிப்பதிவுக் கூடங்களில் உற்பத்தியாகி மற்ற ஊர்களுக்கு அனுப்பப்படும் சரக்காக மட்டும் ஆகிவிடலாகாது என்ற பெட்ரில்லோவின் பிடிவாதத்தின் பக்கமே என் மனம் சாய்கிறது.

சாய்வதற்கு ஒரு தடங்கலும் உண்டு. ஊர் ஊருக்குக் கலைஞன் வேண்டும் என்று வாதாடியவரின் சொந்த ஊரில் சங்கம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. பெரிய ஹோட்டல்கள், வானொலி நிலையங்கள், நகரின் மையத்திலிருந்த திரையரங்குகள் ஆகியவற்றின் வேலையெல்லாம் லோக்கல் 10இன் கையில். லோக்கல் 208க்கு சவுத் சைடு. அந்தக் கட்டாய ஒதுக்கத்துக்குள் 208 உயிர்ப்புள்ள ஓர் உலகத்தைக் கட்டியெழுப்பியது உண்மை. டுசேபிள் உயர்நிலைப் பள்ளியில் கேப்டன் வால்டர் டையட் என்ற கண்டிப்பான இசையாசிரியர் இருந்தார். ஜீன் அம்மன்ஸ், ஜானி கிரிஃபின், வான் ஃப்ரீமன் எல்லாரும் அவரிடம் குட்டுப்பட்டு வளர்ந்தவர்கள். ஆனால் ஏரிக்கரைப் புல்வெளி அவர்களுக்குத் தொலைவிலேயே இருந்தது.

ஏரிக்கரை என்பதே சிகாகோவில் சாதாரணச் சொல் அல்ல. 1919 ஜூலையில், 29ஆம் தெருக் கடற்கரை அருகே, யூஜீன் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் தெப்பத்தில் மிதந்தபடி, தண்ணீரில் யாரும் கண்ணால் காண முடியாத ஒரு கோட்டைத் தாண்டிவிட்டான். வெள்ளையர் ஒருவர் கல்லெறிய, அவன் மூழ்கி இறந்தான். அதையடுத்து மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டனர். 1961இல்கூட, தெற்கே ரெயின்போ கடற்கரையில் கறுப்பர்கள் கால் நனைப்பதையே ஒரு போராட்டமாக நடத்த வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில்தான் 1967 கோடையைப் பார்க்க வேண்டும். ஃபில் கோரன் 1927இல் மிசிசிப்பியில் பிறந்தவர். சன் ராவின் குழுவில் டிரம்பெட் வாசித்தவர். 1965இல் சவுத் சைடில் ஏஏசிஎம் என்ற கலைஞர் கூட்டமைப்பைத் தொடங்கிய நால்வரில் ஒருவர். ஆப்பிரிக்கக் கட்டைவிரல் பியானோவில் மின்னிணைப்புக் கொடுத்து ஒரு வாத்தியம் செய்து, தம் தாயார் ஃபிராங்கியின் நினைவாக ஃபிராங்கிஃபோன் என்று பெயரிட்டிருந்தார். அந்தக் கோடையில் தம் குழுவினரோடு 63ஆம் தெருக் கடற்கரையில் திறந்தவெளியில் வாசிக்கலானார். கதவில்லை, சீட்டில்லை. குடும்பம் குடும்பமாகக் கூட்டம் சேர்ந்தது. நியூவர்க்கும் டெட்ராய்ட்டும் தீப்பற்றி எரிந்த அதே ஜூலையில் இங்கே இசை கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற குளியல் மண்டபம் கட்டப்பட்டது 1919இல், அதாவது அந்தச் சிறுவன் இறந்த ஆண்டில். குழுவில் இருந்தவர்களில் பீட் கோஸி பின்னாளில் மைல்ஸ் டேவிஸிடம் கிடார் வாசித்தார். டான் மைரிக்கும் லூயி சாட்டர்ஃபீல்டும் எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் ஊதுவாத்தியப் பிரிவில் உலகம் சுற்றினார்கள். கோரன் ஊரிலேயே இருந்து, பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்து, 2017இல் மறைந்தார். அந்தப் பிள்ளைகளில் சிலர் ஹிப்னாடிக் பிராஸ் என்ற பெயரில் நகரின் தெருக்களில் வாசித்துப் பெயரெடுத்தார்கள்.

கடற்கரைக் கச்சேரிக்கு ஓராண்டு முன்பு, 1966இல், லோக்கல் 10உம் லோக்கல் 208உம் இணைந்தன. இணைப்பை 208இல் எல்லாரும் கொண்டாடவில்லை. தங்கள் கட்டிடமும் சேமிப்பும் குரலும் பெரிய சங்கத்தில் கரைந்துபோகும் என்ற அச்சம் நியாயமானதே. இணைந்த சங்கத்துக்கு லோக்கல் 10-208 என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சிறுகோடு இன்றும் இருக்கிறது. அறுபதுகளில் பெட்ரில்லோவே தேசியச் சங்கத்தின் குடியுரிமைப் பிரிவுக்குத் தலைவராகி, பிளவுண்ட கிளைகளை இணைக்கும் வேலையைப் பார்த்தார் என்பது வரலாற்றின் நகைச்சுவைகளில் ஒன்று.

1974இல் டூக் எல்லிங்டன் காலமானபோது உள்ளூர்க் கலைஞர்கள் கிராண்ட் பார்க்கில் ஓர் இலவச அஞ்சலிக் கச்சேரி நடத்தினார்கள். அது ஆண்டுதோறும் தொடர்ந்து, 1979இல் சிகாகோ ஜாஸ் விழாவாக விரிந்தது. மேடைக்கு அப்போது பெயர் பெட்ரில்லோ மியூசிக் ஷெல். இரண்டு சங்கங்களின் வாரிசுகளும் அவர் பெயர் பொறித்த கூரையின் கீழ் ஒன்றாக வாசித்தார்கள். 2013இல் விழா பக்கத்திலுள்ள மில்லேனியம் பார்க்குக்கு இடம்பெயர்ந்தது.

அந்த மேடையில் பல ஆண்டுகள் வாசித்தவர் வான் ஃப்ரீமன். 1923இல் பிறந்த டெனர் சாக்ஸஃபோன் கலைஞர். மைல்ஸ் டேவிஸ் போன்றோரின் தரத்தில் வைத்துப் பேசத்தக்க வாசிப்பு. ஆனால் ஊரை விட்டுப் போகவில்லை. சொந்தப் பெயரில் முதல் இசைத்தட்டு வெளிவர 1972 வரை ஆயிற்று. செவ்வாய் இரவுகளில் 75ஆம் தெருவின் ஒரு மதுக்கூடத்தில் வாசித்துவிட்டு, பிறகு இளையவர்களை மேடைக்குக் கூப்பிடுவார். 2012இல் இறந்தார். ஏழு வயதில் அவர் தம் தந்தையின் கிராமஃபோன் குழலைக் கழற்றி, அதில் துளைகள் போட்டு, சாக்ஸஃபோனாக ஊதிப் பார்த்ததாக ஒரு கதை உண்டு, அவரே சொன்னது. போலீஸ்காரரான தந்தை கோபித்துவிட்டு, பிறகு ஒரு நிஜச் சாக்ஸஃபோன் வாங்கிக் கொடுத்தாராம். பெட்ரில்லோ இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இசைத்தட்டு விற்பனை 2000க்குப் பின் சரிந்தபோது அதையே நம்பியிருந்த அறக்கட்டளை நிதியும் சுருங்கியது. நகராட்சிகளும் கொடையாளர்களும் சிறு அமைப்புகளும் அந்த இடத்தை ஓரளவு நிரப்புகிறார்கள். சவுத் சைடின் எங்கிள்வுட், சிகாகோவைப் பற்றிய செய்திகளில் துப்பாக்கிச் சூட்டுக்காகவே பெயர் அடிபடும் பேட்டை. அங்கே ஹாமில்டன் பார்க்கில், ஏஏசிஎம் வழிவந்த சாக்ஸஃபோன் கலைஞர் எர்னஸ்ட் டாக்கின்ஸ் ஏறத்தாழ கால் நூற்றாண்டாக ஓர் இலவச ஜாஸ் விழா நடத்திவருகிறார். பெரியவர்கள் வாசிக்கும் அதே மேடையில், அவரிடம் பயிலும் பேட்டைப் பிள்ளைகளும் ஏறி வாசிக்கிறார்கள்.