கவர்னரின் கையெழுத்து யாருக்குப் பதில் சொன்னது?

1939 ஜூலை 8ஆம் தேதி அ. வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றவர்களில், கொட்டாம்பட்டி வட்டாரத்துத் தும்பைப்பட்டியைச் சேர்ந்த பி. கக்கனும் ஒருவர். அந்த ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு தந்த அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அன்றைய சென்னை மாகாண கவர்னர் எர்ஸ்கின் பிரபு. இதே மதுரை மாவட்டத்தில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, கைரேகை பதிய மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது; மாயக்காள் உள்ளிட்ட பலர் உயிரிழந்தார்கள். அந்த ரேகைச் சட்டத்தை ஊர் ஊராக நடைமுறைக்குக் கொண்டுவந்த அறிவிக்கைகளும் கவர்னர் ஆட்சியின் பெயரால்தான் வெளியாயின. ஒரே பதவி, ஒரே மாவட்டம், இடையில் பத்தொன்பது ஆண்டுகள். ஒரு கையெழுத்து மனிதர்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆக்கியது. இன்னொன்று பிறப்பால் தள்ளிவைக்கப்பட்டவர்களுக்குத் திறந்த கதவைக் காத்தது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கவர்னர்களின் குணம் என்று சொல்வது எளிது. ஆனால் அந்தக் கையெழுத்து யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தது என்பதே உண்மையான காரணம்.

முதல் கையெழுத்திலிருந்து தொடங்குவோம். ரேகைச் சட்டம் என்று மக்கள் சொன்ன 1911ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டப்படி, ஒரு சமூகம் தொடர்ந்து குற்றம் செய்வதாக மாகாண அரசு நம்பினாலே போதும். அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டு அந்தச் சமூகம் முழுவதையும் பதிவேட்டில் ஏற்றலாம். அறிவிக்கை செல்லுமா செல்லாதா என்று நீதிமன்றம் கேட்க முடியாதபடி சட்டமே தடுத்திருந்தது. சென்னையில் மாகாண அரசு என்பது கவர்னரும் அவருடைய நிர்வாக சபையும்தான். அந்தச் சபையை மதுரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. கவர்னரின் மேலதிகாரிகளோ டெல்லியிலும் லண்டனிலும் இருந்தார்கள். கலெக்டர், தாசில்தார், கிராம முன்சீப், தலையாரி என்று ஆணை படிப்படியாகக் கீழே இறங்கியதே தவிர, கேள்வி மேலே ஏற ஒரு படிகூட இல்லை. 1914 முதல் மதுரைப் பகுதிக் கள்ளர் ஊர்கள் ஒவ்வொன்றாக இந்த வலைக்குள் வந்தன. பெருங்காமநல்லூர் மக்கள் மறுத்தபோது, அந்த மறுப்பைக் கேட்க மக்களுக்குப் பொறுப்பான சட்டசபையோ அமைச்சரோ இல்லை. மிஞ்சியது துப்பாக்கிதான்.

அதே ஆண்டின் இறுதியில் இரட்டை ஆட்சி வந்தது. சுப்பராயலு ரெட்டியார் முதல் அமைச்சரானார். அடுத்த ஆண்டு பனகல் அரசர் அவர் இடத்துக்கு வந்தார். கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் போன்ற துறைகள் சட்டசபைக்குப் பொறுப்பான அமைச்சர்களிடம் சென்றன. போலீஸ், நீதி நிர்வாகம், நிலவரி ஆகியவை கவர்னரின் நிர்வாக சபையிடமே ‘ஒதுக்கப்பட்ட’ துறைகளாக நின்றன. இந்தப் பிரிவினை மதுரையில் எப்படி விளைந்தது என்று பார்த்தாலே பொருள் விளங்கும். பனகல் அரசரின் அமைச்சரவையால் இந்து சமய அறநிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைக் கொண்டுவர முடிந்தது. அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சியாகத்தான் மீனாட்சி அம்மன் கோயிலில் நிர்வாக அதிகாரி என்ற பதவி இருந்தது; 1939இல் அதில் இருந்தவர் ஆர். எஸ். நாயுடு. ஆனால் ரேகைச் சட்டத்தின் பிடி போலீஸ் துறையில் இருந்ததால் அந்த அமைச்சர்களின் கை அங்கே எட்டவில்லை. மக்களுக்குப் பதில் சொல்லும் துறை நகர்ந்தது. பதில் சொல்லாத துறை இருந்த இடத்திலேயே இருந்தது.

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் எல்லாத் துறைகளையும் அமைச்சர்களிடம் தந்தது. ஆனாலும் தனி விருப்பத்தின்படி முடிவெடுக்கும் அதிகாரத்தையும் ‘சிறப்புப் பொறுப்புகளையும்’ கவர்னரிடம் மிச்சம் வைத்தது. 1937 தேர்தலில் 215 இடங்களில் 159ஐ வென்ற காங்கிரஸ், அந்த அதிகாரங்களைக் கவர்னர் அன்றாடம் பயன்படுத்தக் கூடாது என்ற உறுதி கேட்டு ஆட்சியேற்க மறுத்தது. கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவை ஏப்ரல் முதல் ஜூலை வரை நடந்தது. வைசிராய் லின்லித்கோ விளக்கம் தந்த பிறகே ராஜாஜி பதவியேற்றார். அந்த மூன்றரை மாதக் காத்திருப்பு வீண் பிடிவாதம் என்று அன்றே விமர்சித்தவர்கள் உண்டு. மதுரையில் இரண்டு ஆண்டுக்குப் பின் நடந்தது அதற்குப் பதிலாகிறது. கமுதிக் கோயில் வழக்கில் நாடார்களுக்கு நுழைவுரிமை இல்லை என்று 1908இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருந்தது. பழைய வழக்கத்தை மீறிக் கதவைத் திறந்த அதிகாரியும் உள்ளே சென்றவர்களும் வழக்குகளில் சிக்கும் அபாயம் கண்முன் இருந்தது. பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்திருந்தார்கள். ராஜாஜி அமைச்சரவை கேட்டது; எர்ஸ்கின் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார்; அதே ஆண்டில் சட்டசபை அதை 22ஆம் சட்டமாக நிறைவேற்றியது. சமய வழக்கத்தில் அரசு தலையிடாது என்ற பழைய சாக்கைச் சொல்லிக் கவர்னர் ஒதுங்கியிருக்கலாம். அப்படி ஒதுங்க முடியாதபடி சட்டசபைப் பெரும்பான்மை ஒன்று அவர் எதிரே நின்றது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானவை மூன்று. முதலாவது, பொறுப்பற்ற கவர்னர் ஆட்சியும் நன்மை செய்திருக்கிறதே என்பது. உண்மைதான். 1895இல் கவர்னர் வென்லாக் திறந்துவைத்த பெரியாறு அணையின் தண்ணீர் மேலூர்ப் பகுதியை நெல் விளையும் பூமியாக்கியது. அந்த நன்றியை மதுரை மறக்கவும் கூடாது. ஆனால் கால்வாய் எந்த ஊரோடு நிற்க வேண்டும், வரி எவ்வளவு என்பதில் உழவருக்கு வாக்கில்லை. கண்மாயையும் மானாவாரியையும் நம்பியிருந்த கொட்டாம்பட்டிப் பக்கத்துக் குடியானவர் மனு எழுதலாம். அதற்கு மேல் செய்ய அவரிடம் ஒன்றும் இல்லை. கொடுப்பவர் மனம்வைத்தால் கிடைப்பதை உரிமை என்று சொல்ல முடியாது.

இரண்டாவது மறுப்பு, பள்ளிகளில் புகுத்தப்பட்ட கட்டாய இந்தியை ரத்து செய்தவர் கவர்னர்தானே என்பது. ராஜாஜி அமைச்சரவை 1939 அக்டோபரில் விலகிய பின், 1940 பிப்ரவரியில் எர்ஸ்கின் தனி ஆட்சியில் அந்த ஆணை விலக்கப்பட்டது. ஆனால் அந்த முடிவுக்கு முன்னால் பெரியாரின் சிறைவாசமும், நடராசன், தாளமுத்து ஆகியோரின் உயிர்த் தியாகமும், உலகப் போர்க் காலத்தில் மாகாணம் அமைதியாக இருக்க வேண்டும் என்ற அரசின் தேவையும் இருந்தன. மக்கள் தெருவில் கொடுத்த விலைக்குக் கிடைத்ததைக் கோட்டையின் கருணைக் கணக்கில் எழுதுவது தகாது. 1946 ஏப்ரல் வரை நீடித்த அதே கவர்னர் தனி ஆட்சிதான் 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டக்காரர்களைக் கொண்டு சிறைகளை நிரப்பியது.

மூன்றாவது மறுப்பே கடினமானது. மக்களாட்சி வந்ததும் ரேகைச் சட்டம் போய்விட்டதா? போகவில்லை. 1937 முதல் 1939 வரை ஆண்ட காங்கிரஸ் அமைச்சரவை அதை நீக்கவில்லை. முத்துராமலிங்கத் தேவர் போன்றோர் அதை எதிர்த்து இயக்கம் நடத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்களுக்கே அன்று வாக்கு என்பதால், ரேகை வைத்தவர்களில் பெரும்பாலோரின் குரல் சட்டசபையை எட்டவில்லை. 1947இல்தான் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. ஆகவே பொறுப்பாட்சி தானாக நீதி தந்துவிடும் என்று நான் வாதிடவில்லை. அநீதிக்கு யார் பொறுப்பு என்று பெயர் சொல்லிக் கேட்கவும், பதில் பிடிக்காவிட்டால் ஆளை மாற்றவும் அது வழி தருகிறது. வாக்கு விரிய விரிய அந்த வழியும் அகலமாகிறது.

அந்த வழி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குக் கக்கனின் வாழ்க்கையே சான்று. 1963இல் அவர் உள்துறை அமைச்சரானார். 1920இல் எந்த இந்திய அமைச்சரிடமும் ஒப்படைக்க முடியாது என்று கவர்னர் சபைக்கு ஒதுக்கிய போலீஸ் துறை, தும்பைப்பட்டியில் பிறந்த ஒரு தலித் தலைவரிடம் வந்தது. அவர் நேர்மையைப் பழிக்க எதிரிகளாலும் முடியவில்லை. எனினும் 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் அவர் துறையின் கீழிருந்த போலீஸ் மாணவர்கள்மீது சுட்டது. 1967 தேர்தலில் சொந்த மேலூர்ப் பகுதி வாக்காளர்களே அவரைத் தோற்கடித்தார்கள். நல்ல மனிதர் ஒருவருக்கு அது வருத்தமான முடிவுதான். ஆனால் பெருங்காமநல்லூரில் சுடப்பட்டபோது கவர்னராக இருந்த வெலிங்டன் பிரபு, பின்னாளில் இந்தியாவின் வைசிராயாக உயர்ந்தார். அந்த ஊர் மக்கள் அவரை ஒரு வார்த்தை கேட்க வழியில்லை. கக்கனைக் கேட்க வழியிருந்தது, கேட்டார்கள். சுயாட்சி நம் ஊர்களுக்குக் கொண்டுவந்த பெரிய மாற்றம் இதுவே: ஆளுகிறவர் நல்லவரா கெட்டவரா என்று விதியை நொந்து காத்திருந்த மக்கள், அவரை வைக்கவும் நீக்கவும் உரிமை பெற்றார்கள்.